பணம் வரட்டும், பிரியாணி மாஸ்டர் வேண்டாம்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் சாரண ஆசிரியராக இருக்கிறேன். 32 மாணவர்களைச் சிறுமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்கு மூன்று நாள் முகாம் அழைத்துப்போக ஆசை. பாதிப்பேர் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். எங்கள் முன்னாள் மாணவரான ஒரு மில் முதலாளி, முழுச் செலவும் என்னுடையது என்கிறார். பிரியாணி மாஸ்டர், ஆள் வைத்துப் போடும் கூடாரம், மில் பெயர் போட்ட டி-ஷர்ட் எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பியும் பணம் அனுப்புவாராம். அக்டோபர் கடைசி வாரம் என்று பேசியிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, ஏற்கவும் சங்கடமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மனமுவந்து தருகிறவரை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் எதற்குச் செலவழிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் தங்கள் கையால் செய்துகொள்ள முடியாததற்கெல்லாம் அவர் பணம் போகட்டும்: பஸ், குடிதண்ணீர், தார்ப்பாய், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, அரிசி பருப்பு. பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் செய்ய ஆள் வைப்பதற்கு மட்டும் வேண்டாம்.

என் பெரிய கவலை அந்தப் பிரியாணி மாஸ்டர்தான். (திண்டுக்கல்காரரிடம் போய் பிரியாணி வேண்டாம் என்கிறேன், கோபிக்காதீர்கள்.) 32 பேர் என்றால் எட்டெட்டாக நான்கு அணி. அணிக்கு ஓர் அடுப்பு, ஒரு பானை, அளந்து கொடுத்த அரிசி. முதல் நாள் சோறு அடிப்பிடிக்கும். ஓர் அணியின் சாம்பாரில் உப்பே இருக்காது. பரவாயில்லை, சாப்பிட்டுவிடுவார்கள். பானையின் அடியில் ஈரமண் பூசி அடுப்பில் ஏற்றினால் கரியைத் தேய்க்கச் சுலபம் என்பது, வீட்டில் விறகடுப்பைப் பார்த்து வளர்ந்த பையனுக்குத்தான் தெரியும். காஸ் அடுப்பு வீட்டுப் பையன் அவனிடம் கேட்டுக்கொள்வான். மாஸ்டர் வந்துவிட்டால் அந்தக் கூலிக்காரர் மகன் தட்டேந்தி வரிசையில் நிற்பவன்; மாஸ்டர் இல்லாவிட்டால் அன்றைக்கு அணிக்கே அவன்தான் வாத்தியார்.

கூடாரத்துக்கும் இதே கணக்குதான். மூங்கில் கழியும் சணல் கயிறும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடாரம், தட்டு ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் பிள்ளைகளே கட்டட்டும். கட்டு தளர்ந்து தட்டு அத்தனையும் மண்ணில் விழுந்தால், அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள்.

தானப் பணம் என்று கூச வேண்டாம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமிலும் பிறர் பணம் உண்டு. வசதியான பள்ளிப் பையன்களுக்கு ஒரு பவுன் கட்டணம், உழைப்பாளி வீட்டுப் பையன்களுக்கு மூன்றரை ஷில்லிங். அப்போது பவுனுக்கு 20 ஷில்லிங். கடைசியில் 24 பவுன் சொச்சம் துண்டு விழ, மகன்கள் இருவரை அனுப்பியிருந்த ஒரு தகப்பனார் அதை அடைத்தார். கவனியுங்கள், ஏழைப் பையனுக்கும் முழு இலவசம் இல்லை. நீங்களும் ஆளுக்கு நூறு ரூபாய் கேளுங்கள். முடியாதவர் ஒரு படி அரிசி கொடுக்கட்டும். யார் எதைக் கொடுத்தார் என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

டி-ஷர்ட் வேண்டாம். சீருடையும் ஸ்கார்ஃபும் இருக்க விளம்பரச் சட்டை எதற்கு? வாசலில் ஒரு நன்றிப் பலகை வையுங்கள். ஒரு நாள் மதியம் முதலாளியைக் கூப்பிட்டு, ஏதாவதோர் அணியோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் சமைத்ததைச் சாப்பிடச் சொல்லுங்கள். தட்டு வாங்குவதுபோல் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுக்க மட்டும் விடாதீர்கள்.

பணம் பள்ளிக் கணக்குக்கோ சாரணர் சங்கக் கணக்குக்கோ வரட்டும். உங்கள் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். முதலாளி நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை (80ஜி என்பார்கள்) கேட்டால், பணம் பெறும் அமைப்புக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. தம்பி இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நிதி, எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது.

பயிற்சிக்கு ஆள் அனுப்புகிறேன் என்று மில்லிலிருந்து யாராவது வந்தால், யார் எவர் என்று விசாரிக்காமல் சேர்க்காதீர்கள். 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி. பெயரில் நடந்த போலி முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை நினைவிருக்கும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, நீங்கள் உட்பட. மாவட்டச் சங்கத்தின் அனுமதியும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

தோப்பு என்பதால் இன்னொன்று. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடிகாலையில் ஒரு பையன் வயிற்றுவலி என்றோ, கண் இமை சொருகுகிறது என்றோ சொன்னால், ராத்திரி சாப்பாடு சேரவில்லை போல என்று இஞ்சிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே வண்டி எடுங்கள். எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். வண்டி ஒன்று மூன்று நாளும் தோப்பிலேயே நிற்கட்டும். முதலாளியின் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

அப்புறம் தேதி. அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். விறகு நனைந்தால் சமையலும் போச்சு, தூக்கமும் போச்சு. பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியும் மறுக்க மாட்டார். தீபாவளி நேரத்தில் போனஸ் பட்டுவாடாவே அவருக்குப் பெரிய முகாமாக இருக்கும்.