கழுத்தில் மாட்டும் காயில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தையாரின் காது கேட்கும் கருவியில் ‘டி’ என்றொரு நிலை உள்ளது. கருவியின் மேல் இயர்போனை வைத்தால் அது கீச்சிடுகிறது. பழைய இயர்போனை வெட்டி, கம்பியைச் சுருளாகச் சுற்றி ஆன்டெனா போல இணைத்தால் கைப்பேசிப் பேச்சு நேரே கருவிக்குச் சென்றுவிடும் என்கிறார் நண்பர். இது இயலுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இயலும். ஆனால் அந்தச் சுருள் வானொலி அலை எதையும் அனுப்புவதில்லை. பேச்சுக்கேற்ப மாறும் காந்தப்புலத்தை அது உண்டாக்க, கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு சுருளில் அப்புலம் மின்சாரத்தைத் தூண்டுகிறது. ‘டி’ நிலையில் மைக் அடங்கிவிடுவதால் கீச்சொலிக்கும் இடமில்லை. காதுத் துவாரத்துக்குள்ளேயே பொருந்தும் மிகச் சிறிய கருவிகள் பலவற்றில் டெலிகாயில் இராது. இருக்கும் கருவிகளிலும் செவித்திறன் வல்லுநர் அந்த நிலையை இயக்கி வைத்திருக்க வேண்டும். கம்பி வாங்குமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கிடைக்கும். தலை வழியே மாட்டிக் கழற்றும்படி 75 செ.மீ. சுற்றளவில், இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து, ஒரே திசையில் 25 சுற்றுகள் சுற்றுங்கள். ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 19 மீட்டர் நீளமும் 11 ஓம் மின்தடையும் கொண்டிருக்கும். இரண்டின் தொடக்க முனைகளையும் தனித்தனி 22 ஓம் ரெசிஸ்டர் வழியாக இயர்போன் வயரின் இடது, வலது இழைகளோடும், முடிவு முனைகளை இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் இழையோடும் சால்டர் செய்ய வேண்டும். எனாமலைச் சுரண்டாமல் வைத்த சால்டர் பிடிக்காது. இடது, வலது இழைகளை ஒன்றாக முறுக்கிவிடுவது பலர் செய்யும் வேலை. அது கைப்பேசியின் இரு ஆம்ப்ளிஃபயர்களையும் ஒன்றோடொன்று மோதவிடும். கைப்பேசி அமைப்பில், இடது, வலது இரண்டுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் ‘மோனோ ஆடியோ’வை இயக்கிவிட்டால் இரு சுருள்களின் புலங்களும் கூடும். ஒலி ஏறக்குறைய காணாமற்போனால் ஒரு சுருள் தலைகீழாக இணைந்து மற்றதன் புலத்தை அழிக்கிறது என்று பொருள். அதன் இரு முனைகளையும் மாற்றிப் போடுங்கள். இயர்போன் வயரில் மைக் இருந்தால் அதை வெட்டாதீர்கள், பேசுவதற்கு அது வேண்டும்.

சுற்றுகளைக் கூட்டினால் ஒலி கூடும் என்ற ஆசை எவருக்கும் வரும். காந்தப்புலம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கேற்பவே கூடுகிறது. சுருளின் தூண்டல் திறனோ (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அந்த எண்ணிக்கையின் வர்க்கத்துக்கேற்ப ஏறி, உயர் அதிர்வெண்களை அமுக்கிவிடுகிறது. அப்போது ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மழுங்கி, சத்தம் கேட்டும் பேச்சு விளங்காத நிலை வரும். காது மந்தமானவருக்கு ஏற்கெனவே உள்ள குறையே அதுதானே! செவித்துணைக்கான காந்தப்புலத்தின் உச்ச அளவாக ஐஈசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை குறிப்பது மீட்டருக்கு 0.4 ஆம்பியர், கழுத்தில் கிடக்கும் இந்தச் சுருள், ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 8 மில்லிஆம்பியர் ஓட்டத்திலேயே காது உயரத்தில் ஏறத்தாழ அதனை எட்டிவிடும் என்று கணக்கிடலாம். ஆகவே ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்கி, மெல்ல ஏற்றுங்கள்.

சுருளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி மெல்லிய துணிக்குள் தைத்துவிடுங்கள். சார்ஜரில் மாட்டிய கைப்பேசியோடு இதைக் கழுத்தில் அணியக் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவராயின் இதய மருத்துவரைக் கேட்காமல் அணிவிக்க வேண்டாம்.

கேள்வி: ‘டி’ நிலைக்கு மாற்றியதும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறதே, சுருளில் பிழையா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சுருளின் பிளக்கைக் கைப்பேசியிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்தால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் புலம். பழைய டியூப்லைட் சோக்கும் ஸ்டெபிலைசரும் பெரும்பாலும் காரணம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே பெரிதும் குறைந்துவிடும்.