கேளுங்கள், சொல்கிறோம்: பிரசவ வலிக்கு முன் கர்ப்பப்பையில் அழற்சியா?

பிரசவ வலி தொடங்க அழற்சியும் ஒரு காரணம் என்று படித்தேன். கிருமியே இல்லாத கர்ப்பப்பையில் அழற்சி எப்படி வரும்?
– வாசகி, கும்பகோணம்

சுளுக்கிய கணுக்கால் வீங்குகிறதே, அங்கே கிருமி ஏது? நிறைமாதத்தில் நடப்பதும் அந்த வகைதான்.

கர்ப்பகாலம் முழுக்கக் கர்ப்பப்பைத் தசையை அடக்கி வைத்திருப்பது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். ஆடு, எலிகளுக்கு ஈனும் முன் ரத்தத்தில் இதன் அளவு சரியும். மனிதருக்குச் சரிவதில்லை; நஞ்சுக்கொடி விழும்வரை உயர்ந்தே இருக்கும். ஆனால் தசை அதற்குக் கட்டுப்படுவதை விட்டுவிடுகிறது. இந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஏ, பி என இரு வகை. அழற்சியை அமுக்குவது பி. கடைசி வாரங்களில் ஏ-யின் கை ஓங்குகிறது.

குழந்தை வளர வளர இழுபட்ட தசையும் முதிர்ந்த பனிக்குடச் சவ்வும் வேதிச் செய்திகளை அனுப்ப, நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் தசைக்குள் வந்து சேர்கின்றன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்கள் கூடுகின்றன, காக்ஸ்-2 நொதி பெருகி, தசையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஹார்மோனுக்கான ஏற்பிகளும் பெருகுகின்றன. இதில் பலர் கவனிக்காதது கனெக்சின்-43 என்ற புரதம். தசைச் செல்களுக்கு நடுவே வாசல் திறப்பது இதுதான். அது போதாதவரை ஓரிடத்தில் கிளம்பிய சுருக்கம் அங்கேயே அடங்கிவிடும். வந்து வந்து போகும் சூட்டு வலி பெரும்பாலும் இந்த ரகம். வாசல்கள் பெருகிய பிறகே கர்ப்பப்பை முழுவதும் ஒருசேர இறுகும்.

கர்ப்பப்பை வாயிலும் இதே வேலை. கொலாஜன் நார்கள் தளர்ந்து நீர் கோர்க்கும். மூக்கு நுனி போல விறைப்பாக இருந்தது, உதடு போல மெத்தென்று ஆகும்.

41 வாரமான மகளுக்கு டிரிப் போடாமல் முதலில் ஜெல் வைத்தார்கள். நேரம் வீண்தானே?
– வாசகர், மதுரை

வீண் இல்லை. கர்ப்பப்பை வாய் மெத்தென்று பழுக்காமல் ஆக்ஸிடோசின் டிரிப்பை மட்டும் ஏற்றினால் வலி வரும், வழி திறக்காமல் போய், கடைசியில் சிசேரியன் ஆகலாம். ஜெல்லில் இருப்பது டினோப்ரோஸ்டோன், அதாவது உடல் தானே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2. கர்ப்பப்பை வாய்க்குள் வைக்கும் அளவு 0.5 மில்லிகிராம். டிரிப்புக்கு வழக்கமாக 6 முதல் 12 மணி நேரம் இடைவெளி விடுவார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்தால் கர்ப்பப்பை விடாமல் இறுகி, குழந்தையின் இதயத்துடிப்பு குறையக்கூடும். முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய தையல் பிரியும் அபாயம் உண்டு.

ஏழாம் மாதம். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். அந்த மாத்திரை அடக்குவது மேலே சொன்ன காக்ஸ் நொதிகளைத்தான். 20 வாரத்துக்குப் பிறகு தொடர்ந்து போட்டால் குழந்தையின் சிறுநீரகம் சுணங்கி, பனிக்குட நீர் குறையலாம். 30 வாரம் தாண்டினால், பிறந்த பின் மூட வேண்டிய இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும் ஆபத்தும் சேர்கிறது. ஐபுப்ரோஃபெனும் இப்படித்தான். மருத்துவரைக் கேட்டுப் பாராசிட்டமால் எடுங்கள். பிரஷருக்காக எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கதை. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

31 வாரத்திலேயே வலி. ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பனிக்குடம் உடையாமல், தொற்றின் அறிகுறியும் இல்லாமல் வந்த வலியை ஆன்டிபயாடிக் நிறுத்துவதில்லை. கீழிருந்து ஏறிய கிருமி அழற்சியைக் கிளப்பியிருந்தாலும், வலி தொடங்கும்போது அந்தச் சங்கிலி வெகுதூரம் ஓடியிருக்கும். பனிக்குடம் உடைந்திருந்தால் மருந்து அவசியம். பிரசவத்தைச் சில நாட்களாவது தள்ளிப்போட உதவும்.

இந்த நேரத்தில் பெரிய பலன் தருவது ஸ்டீராய்டு ஊசி. டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 4 தடவை. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக இது. பிரசவ வலியைத் தள்ளிப்போடும் மருந்து தருவதே பெரும்பாலும் இந்த 48 மணி நேரத்தைச் சம்பாதிக்கத்தான். ஆகவே 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வலி வந்தால், சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

வலியோடு சேர்த்தபோது வெள்ளணு 18,000. தொற்றா?
– வாசகி, சேலம்

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிரசவத்தின்போது 25,000 வரைகூட ஏறும். ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றிவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோடு, நாற்றமடிக்கும் நீரோ, குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 160-ஐத் தாண்டி நிற்பதோ சேர்ந்தால் தொற்றைச் சந்தேகிப்பார்கள்.