மூன்று விழா, ஒரே நிலவு: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

நானும் கணவரும் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வரும் மார்கழியில் கோவையிலிருந்து எங்கள் காரிலேயே ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருவையாறு என்று பத்து நாள் போய்வர ஆசை. சொர்க்கவாசல், ஆருத்ரா, தியாகராஜ ஆராதனை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா? அவருக்கு வயது 67, இன்சுலின் போடுகிறார். எனக்கு முட்டிவலி, அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. மாறி மாறி ஓட்டுவோம். "இந்த வயசுல அந்தக் கூட்டத்துக்குள்ள எதுக்கு" என்கிறான் மகன்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மா,

முடியும், ஆனால் எல்லா வருடமும் முடியாது. மூன்றுமே நிலவை வைத்து வருபவை. வளர்பிறை ஏகாதசிக்குச் சொர்க்கவாசல், பௌர்ணமியை ஒட்டிய திருவாதிரைக்கு ஆருத்ரா, தேய்பிறை பஞ்சமிக்கு ஆராதனை. சிக்கல் என்னவென்றால் முதல் இரண்டும் மார்கழியோடு கட்டுப்பட்டவை, ஆராதனை சாந்திரமான (நிலவின் சுற்றைக் கொண்டு கணக்கிடும்) புஷ்ய மாதத்தோடு. திருவாதிரை ஜனவரியில் விழுந்தால் ஆராதனை நாலைந்து நாளில் வந்துவிடும். டிசம்பரில் விழுந்தால் ஒரு மாதம் தள்ளிப்போகும். 2025 டிசம்பர் 30 ஏகாதசி, 2026 ஜனவரி 3 ஆருத்ரா, ஜனவரி 7 ஆராதனை: ஒன்பதே நாள். அதுவே 2023இல் ஆருத்ரா டிசம்பர் 27, ஆராதனையோ 2024 ஜனவரி 30. எனவே முதலில் பஞ்சாங்கம், பிறகு லாட்ஜ். ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் கோயிலின் அறிவிப்பையே பாருங்கள். அபூர்வமாக அங்கே ஏகாதசி கார்த்திகையிலேயே வந்துவிடும். 2021இல் டிசம்பர் 14 அன்று அங்கே வாசல் திறந்தது, பிற பெருமாள் கோயில்களில் 2022 ஜனவரி 13.

மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தவிர்க்க வேண்டியது விழாவை அல்ல, அதன் உச்சமான சில மணி நேரத்தை. ஏகாதசி விடியலுக்கு ஸ்ரீரங்கம் போகாதீர்கள். அன்றுதான் ராப்பத்து எனும் பத்து நாள் விழா தொடங்குகிறது. தொடர்ந்து வரும் நாட்களிலும் பரமபத வாசல் (சொர்க்கவாசல்தான்) திறக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, நிகழ்ச்சி நிரலில் நேரம் பார்த்துப் போனால் அதே வாசல் வழியாக நிதானமாக நடக்கலாம். திருமங்கையாழ்வார் பெருமாளை வழிமறிக்கும் வேடுபறி நடக்கும் எட்டாம் நாள் போலச் சில நாள் திறப்பு கிடையாது, கவனம். காரைத் திருச்சியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். விழா நாட்களில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

அங்கிருந்து தஞ்சை, கும்பகோணம் வழியாகச் சிதம்பரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஆருத்ராவுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். காரணம் இருக்கிறது. சிதம்பரத்தில் மூலவரே உற்சவர், கருவறையில் இருப்பவரே வீதிக்கும் வருகிறார். ஆருத்ராவுக்கு முந்தைய நாளான விழாவின் ஒன்பதாம் நாள் நடராஜரே தன் சந்நிதியான சித்சபையை விட்டுத் தேருக்கு வந்துவிடுகிறார், இரவு ராஜசபை எனும் ஆயிரங்கால் மண்டபத்தில் தங்குகிறார், விடிவதற்கு முன் அங்கே மகாபிஷேகம், பிற்பகலில்தான் தரிசனம் கொடுத்தபடி சித்சபைக்குத் திரும்புகிறார். தேரன்று சந்நிதிக்குப் போனால் பார்க்க வந்தவரே அங்கே இருக்கமாட்டார். சந்நிதி தரிசனத்தை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். அபிஷேகக் கூட்டம் உங்கள் முட்டிக்கு ஆகாது. பிற்பகல் தரிசனமும் நேரம் இழுக்கும், வெயிலில் மணிக்கணக்காக நிற்க நேரிடும். உங்களுக்கு ஏற்றது தேர்தான். நான்கு தேர் வீதிகளில் ஒன்றில் மாடி அறையாகப் பிடித்தால் விநாயகர் முதல் சண்டிகேசுவரர் வரை ஐந்து தேரும் உங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகும். அறைக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை பெரும்பாலான கோயில்கள் நடைசாத்தியிருக்கும். பலர் அந்த நேரத்தில்தான் அடுத்த ஊருக்கு ஓட்டிக் களைத்துப்போகிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுங்கள். தஞ்சையில் இருந்தால் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகலாம். சோழர் காலச் செப்புத்திருமேனியான திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் அங்கே நிற்கிறார்.

திருவையாற்றுக்குத் தஞ்சையில் தங்கிப் போவது நல்லது, 13 கிலோமீட்டர்தான். பஞ்சமியன்று காலை ஒன்பது மணியளவில் பஞ்சரத்ன கோஷ்டி கானம், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது, தொடங்கும். ஏழு மணிக்குப் பந்தலில் இருந்தால்தான் இடம். கட்டணம் கிடையாது. தரையில்தான் உட்கார வேண்டியிருக்கும், கீழே உட்கார்ந்து எழுவது கஷ்டம் என்றால் மடக்கு ஸ்டூலோடு ஓரமாக இடம் பிடியுங்கள்.

அதிகாலையில் கார் ஓட்டுவதற்கு வருகிறேன். டெல்டா வயல்களுக்கு நடுவே விடியலில் பனி கவிந்திருக்கும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். டிம்மும் ஃபாக் லைட்டும் போதும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்கண்ணாடி மங்கினால் உள்பக்கம் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உள்ளே இருந்தால் ஏ.சி. போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஈரம் வெளியே இருந்தால் குற்றவாளி ஏ.சி.தான்: கண்ணாடி குளிர்ந்துபோய் வெளி ஈரம் அதன்மேல் படிகிறது. வைப்பரைத் தட்டி, குளிரைக் குறைத்து, காற்றைக் காலடிக்கு மாற்றுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏ.சி.யைக் கூட்டக் கூட்ட, பாதை இன்னும் மறையும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லருக்குப் பயந்தாவது ஏழரைக்கு முன் கிளம்பாமல் இருப்பது மேல். ஆராதனை நாள் மட்டும் விலக்கு.

தை நெருங்கினால் சம்பா அறுவடை. சாலையில் காயும் நெல்லின் மேல் பிரேக் போட்டால் சறுக்கும். வைக்கோல் இன்னும் மோசம், அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றிவிடும். தவிர்க்க முடியாமல் ஏற்றினால், தாண்டியதும் நிறுத்தி இறங்கிக் குனிந்து பாருங்கள். முட்டிவலி இல்லாதவர் குனியட்டும்.

அவருடைய இன்சுலின் கைப்பையிலேயே வரட்டும். மார்கழியிலும் நிறுத்திய கார் நடுப்பகலில் கொதிக்கும். லாட்ஜ் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஃப்ரீசருக்கு அடுத்த தட்டு வேண்டாம், உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஏகாதசி விரதம் கூடாது. பாதத்தில் மரமரப்பு இருந்தால் பிரகாரக் கல்லின் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். காலையிலேயே சுற்றிவிடுங்கள், இரவில் உள்ளங்காலை நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திருவாதிரைக் களி வறுத்த அரிசியும் வெல்லமும் நெய்யும். அவருக்கு அது ஒரு கரண்டி, ஏழுகறிக் கூட்டு மூன்று கரண்டி.