விண்டோ உறைந்து நின்றால் கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள்

கேள்வி: பைத்தானில் பில் போடும் டெஸ்க்டாப் புரோகிராம் எழுதியிருக்கிறேன். பட்டனை அழுத்தியதும் விண்டோ வெளிறிப்போய் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. ரேம் போதவில்லையா? கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். ரேமுக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. "மெஷின் பழசு, புதுசா வாங்குங்க" என்ற இதே பேச்சை நம்பி எங்கள் பக்கத்தில் ஒரு நண்டு ஏவாரி (வியாபாரி) புது லேப்டாப் வாங்கினார். புதியதும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. அந்தக் கோபம் இன்னும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்டிருப்பதைப் பார்த்தால், ஒரு கடைக்கோ குடோனுக்கோ நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த புரோகிராம் போலிருக்கிறது. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக ஓடியிருக்கும். ஆட்கள் நிஜமாகப் புழங்கத் தொடங்கிய பிறகு மக்கர் பண்ணுகிறது. சரிதானே?

முதலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். விண்டோ, பட்டன், எழுத்துப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே ஒரு த்ரெட்தான், அதாவது ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடும் ஒரே வேலையோட்டம்தான், கவனிக்கிறது. மவுஸ் கிளிக், கீபோர்டு, திரையை மறுபடி வரையச் சொல்லும் உத்தரவு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். பைத்தானில் விண்டோ வரையும் டிகேஇன்டரில் மெயின்லூப் என்ற சுழற்சி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். உங்கள் பட்டனுக்கான ஃபங்ஷன் முடிந்தால்தான் அடுத்ததை எடுக்கும். 5 விநாடிக்கு எதையுமே எடுக்கவில்லை என்றால், அந்த விண்டோ தொங்கிவிட்டது என்று விண்டோஸ் முடிவுகட்டி, அதன் மேல் ஒரு வெளிறிய நகலை வைத்து, தலைப்பில் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துவிடும். ஆக, உங்கள் புரோகிராம் சாகவில்லை, எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் சொன்ன அந்த ஏவாரியின் நண்டு ஷெட் மண்டபம் பக்கம், தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்தில் இருக்கிறது. வேதாளை, மரைக்காயர்பட்டினம் பக்கமிருந்தெல்லாம் கூடைகள் வரும். நீலக்கால் நண்டு தனி, முக்கண் நண்டு தனி எடை. எலக்ட்ரானிக் தராசிலிருந்து ஆர்.எஸ். 232 என்ற பழைய வகை சீரியல் கேபிள், அதிலிருந்து யு.எஸ்.பி. கன்வெர்ட்டர், அப்புறம் லேப்டாப். "எடை எடு" என்ற பட்டனை அழுத்தினால் எடை பெரிய எழுத்தில் திரையில் வரும், பில் அடிக்கும். எழுதிக் கொடுத்தவர் வெளியூர்க்காரர், பணம் வாங்கிய பிறகு போனை எடுக்கவில்லை. ஏவாரி எனக்கு மாமா முறை, அதனால் என்னைக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் சரக்கு, ஷெட்டில் கூட்டம் நெரியும். நான் போனது அந்தச் சமயம். ஒரு அக்கா கூடையைத் தராசில் வைத்தார், பையன் பட்டனை அழுத்தினான், திரை நின்றது. நின்ற திரையில் முன்னால் போனவரின் எடை அப்படியே இருந்தது. அந்த அக்கா, "தம்பி, இது என் நண்டு எடை இல்லப்பா, முன்னாடி போன கூடை எடை" என்றார். மேசையில் இருந்தவர்கள், "ஒனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்னக்கா தெரியும்" என்று அடக்கிவிட்டார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பதை அன்று சாயங்காலமே நிரூபித்தேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

எப்படி என்றால், பைத்தானோடு கூடவே ஃபால்ட்ஹேண்ட்லர் என்று ஒரு மாட்யூல் வருகிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். அதில் டம்ப் ட்ரேஸ்பேக் லேட்டர் என்ற ஃபங்ஷனுக்கு 5 விநாடி என்று கொடுத்து, ரிப்பீட்டையும் போட்டு, எழுதுவதற்கு ஒரு ஃபைலையும் காட்டிவிட்டால், 5 விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டே இருக்கும். ஃபைல் காட்டுவது முக்கியம், கன்சோல் (எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரை) இல்லாமல் ஓடும் புரோகிராமில் வேறு எங்கும் அது தெரியாது. விண்டோ உறைந்த பிறகு அந்த ஃபைலைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: சீரியல் கேபிளைப் படிக்க உதவும் பைசீரியல் என்ற பைத்தான் லைப்ரரியின் ரீட்லைன். தராசிலிருந்து ஒரு வரி வரும் என்று மெயின் த்ரெட் காத்துக் கிடக்கிறது. பைசீரியலில் நாம் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு) கொடுக்காவிட்டால் அது காலவரையின்றிக் காத்திருக்கும். ஒன்பது பின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே உப்பு பூத்து இரண்டு பின் பச்சையாகக் கிடந்தது. கடற்காற்று படுகிற ஷெட்டில் இதெல்லாம் சகஜம். சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கிறது. வராத நேரத்தில் விண்டோ உறைந்திருக்கிறது.

அதைவிட மோசமான இன்னொன்றும் உள்ளே இருந்தது. அந்தத் தராசு எடையை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் வகை. புரோகிராம் படிப்பதோ பட்டனை அழுத்தும்போது மட்டும். நடுவில் வந்த எண்கள் எல்லாம் சீரியல் போர்ட்டின் பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், சேர்ந்து கிடக்கும். பட்டனை அழுத்தினால் கைக்கு வருவது அதில் இருக்கும் பழைய வரி. அதாவது உறையாத நேரத்திலும் சில சமயம் முந்தின கூடையின் எடையே வந்திருக்கிறது. இதை அந்த அக்கா கண்ணாலேயே பிடித்துவிட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த எங்களுக்கு லாக் ஃபைல் தேவைப்பட்டது.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். தராசைப் படிக்கத் தனி த்ரெட் போடுங்கள், டைம்அவுட் 1 விநாடி கொடுங்கள். அது விடாமல் படித்துக்கொண்டே இருக்கட்டும், வந்ததை ஒரு க்யூவில் (வரிசைப் பட்டியலில்) போடட்டும். விண்டோவின் பக்கம் டிகேஇன்டரின் ஆஃப்டர் என்ற ஃபங்ஷனை வைத்து 100 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை க்யூவைக் காலி செய்து, கடைசி எண்ணை மட்டும் திரையில் காட்டுங்கள். அந்தத் தனி த்ரெட்டிலிருந்து லேபிளையோ பட்டனையோ நேரடியாகத் தொடவே கூடாது. தொட்டால் சில நாள் ஓடும், சில நாள் காரணமே தெரியாமல் தொங்கும். இதோடு நான் ஒன்று சேர்த்தேன்: 2 விநாடிக்குப் புது எண் வரவில்லை என்றால் எடை இருக்கும் இடத்தில் வெறும் கோடு வரும், பில் பட்டன் செயலிழக்கும். பழைய எண் திரையில் நிற்கவே கூடாது. நிற்கிற எண்ணை நம்பித்தான் எதிரில் ஒருவர் காசு வாங்கிப் போகிறார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். வேறொரு ஷெட்டில் இதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். கூடைக்கு இவ்வளவு என்று ஈரக் கழிவு பிடிப்பது அங்கே வழக்கம். அந்தக் கழிவு பில்லில் தெரியக் கூடாது, கழித்த எடை மட்டும் திரையில் வரும்படி எழுதித் தா என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கழிவு பிடிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நண்டில் தண்ணீர் இருக்கிறது, அது ஏவாரமும் கடல்காரர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆனால் விடியும் முன்னே கடலுக்குப் போய் வலை எடுத்து வருகிறவர்களுக்கு மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று மூன்று வரியும் தெரிய வேண்டும். மாமாவின் ஷெட்டில் மூன்றும் அச்சாகின்றன. அவர் ஒத்துக்கொண்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். "லூப்புக்குள் அப்டேட் என்று ஒரு வரி போட்டால் போதுமே" என்று, அதாவது நடுநடுவே திரையைப் புதுப்பிக்கச் சொன்னால் போதும் என்று, இங்கேயே யாராவது சொல்வார்கள். டாட் நெட்காரர்கள் டூஈவென்ட்ஸ் என்பார்கள். வேண்டாம். வேலை பாதியில் இருக்கும்போதே அது கிளிக்குகளையும் உள்ளே விடும். அவசரத்தில் பையன் சேமி பட்டனை இரண்டு தடவை அழுத்துவான், ஒரே கூடைக்கு இரண்டு பில் விழும். "ஏன் வெப் அப்ளிகேஷனாக எழுதவில்லை" என்றும் கேட்பார்கள். அந்த ஷெட்டில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நெட் வரும்வரை நண்டு காத்திருக்காது. தராசும் கம்ப்யூட்டரும் ஒரே மேசையில் இருக்கும்போது டெஸ்க்டாப் புரோகிராம்தான் சரியான தேர்வு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொழியும் பிரச்சினை இல்லை. விண்டோ செய்ய உதவும் டாட் நெட், க்யூடி, ஜாவா ஸ்விங் எல்லாவற்றிலும் விதி இதேதான்: நேரம் பிடிக்கும் வேலை வேறு த்ரெட்டில், திரையைத் தொடுவது மெயின் த்ரெட்டில். டாட் நெட்டில் இன்வோக், க்யூடியில் சிக்னல், ஸ்விங்கில் இன்வோக்லேட்டர் என்று பெயர்தான் மாறும்.

உங்களிடம் தராசு இல்லை என்றால் டேட்டாபேஸ், பிரிண்டர், நெட்வொர்க், டைம் ஸ்லீப் (சும்மா காத்திருக்கச் சொல்லும் வரி) இவற்றில் ஒன்று அந்த ஃபங்ஷனுக்குள் உட்கார்ந்திருக்கும், தேடிப் பாருங்கள். உறையவில்லை, பட்டன் வேலையே செய்யவில்லை என்றால் பட்டனின் கமாண்டில் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டால் விண்டோ திறக்கும்போதே அது ஓடி முடிந்துவிடும். படம் வரவேண்டிய இடம் காலியாக இருந்தால், படத்தை வைத்திருக்கும் போட்டோஇமேஜை ஒரு செல்ஃப் மாறியில் பிடித்து வையுங்கள், ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைத் துடைத்துவிடுகிறது. ஒரே ஃபிரேமுக்குள் பட்டன்களை அடுக்கும் முறைகளான பேக்கையும் கிரிட்டையும் கலக்காதீர்கள். 1366க்கு 768 திரையில் எழுத்தளவை 125 சதவீதம் வைத்திருப்பவர்களுக்குச் சேமி பட்டன் டாஸ்க்பாருக்குக் கீழே போய்விடும், அதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். தமிழில் லேபிள் வைத்து லினக்ஸில் ஓட்டினால் டிகேஇன்டரில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அது உங்கள் ஃபான்ட்டின் குற்றமில்லை, அங்கே டிகே எழுத்துகளைச் சேர்த்து வரைவதில்லை. தமிழ் முக்கியம் என்றால் க்யூடிக்குப் போவது நல்லது.

கன்வெர்ட்டரை வேறு யு.எஸ்.பி. ஓட்டையில் செருகினால் அதன் போர்ட் எண் காம் 3 என்பது காம் 5 ஆகிவிடலாம் என்பதால் எண்ணைக் கோடில் நேரடியாக எழுதாதீர்கள், பைசீரியலின் லிஸ்ட் போர்ட்ஸ் வைத்துத் தேடி எடுங்கள். டிகேஇன்டரின் ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷனை மாற்றி எழுதி, வரும் பிழையை எல்லாம் நேரத்தோடு ஒரு ஃபைலில் சேருங்கள். கன்சோல் இல்லாமல் எக்ஸ்இ (நேரடியாக ஓடும் ஃபைல்) ஆக்கிக் கொடுத்தால் பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், கடைக்காரர் "ஓடல தம்பி" என்று மட்டும்தான் சொல்வார்.

ஃபால்ட்ஹேண்ட்லரைப் போட்டு ஒரு தடவை உறைய விடுங்கள். ஃபைலில் வரும் கடைசிப் பத்து வரியையும், அந்தப் பட்டனின் ஃபங்ஷனையும் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். ராத்திரி வந்து பார்க்கிறேன்.