மரத்துப்போகும் ஊசி சில பற்களில் பிடிக்காதது ஏன்?

வாசகர் கேள்வி: கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். இரண்டு ஊசி போட்டும் குறடு பட்டதுமே உயிர் போகிற வலி. "சீழ் பிடித்திருக்கிறது, ஊசி வேலை செய்யாது" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மருந்தில் குறையா? அடுத்த முறையும் வலிக்குமா?

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வலிச் செய்தி நரம்பில் மின் மாற்றமாகவே பயணிக்கிறது, மரத்துப்போகும் ஊசி தடுப்பது அதைத்தான். நரம்புச் செல்லின் உட்புறம் ஓய்வு நிலையில் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். ஏதேனும் ஒரு தூண்டல் அதை 55 அளவுக்குக் குறைத்துவிட்டால், செல்சவ்விலுள்ள சோடியம் கால்வாய்கள் எனும் நுண்வாயில்கள் திறந்து, வெளியே மிகுந்திருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, ஒரு மில்லிநொடிக்குள் உட்புறம் நேர்மின் நிலைக்கு மாறிவிடுகிறது. அந்தக் கால்வாய்கள் உடனே தாமாக அடைபடுவதும், தாமதித்துத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் வழியே பொட்டாசியம் வெளியேறுவதும் பழைய நிலையை மீட்கின்றன. செயல் மின்னழுத்தம் எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தை 1952இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற அறிவியலாளர்கள் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் அளந்து விளக்கினார்கள்.

உங்களுக்குப் போட்டிருக்கக்கூடிய மரப்பு மருந்தான லிக்னோகெயின், சோடியம் கால்வாயைச் செல்லின் உட்பக்கத்திலிருந்துதான் அடைக்கிறது. உள்ளே போக, கொழுப்பாலான சவ்வைக் கடக்க வேண்டும். மின்னேற்றமில்லாத மூலக்கூறுகளுக்கே அது எளிது. இயல்பான திசுவில், அதாவது பி.எச். (அமிலத்தன்மை ஏற ஏறக் குறையும் அளவு) 7.4இல், மருந்தில் நான்கில் ஒரு பங்கு அப்படி இருக்கும். சீழால் அமிலத்தன்மை ஏறி பி.எச். 6.4 ஆனால், நூற்றுக்கு மூன்றுதான் மிஞ்சும். போதாததற்கு, அழற்சியால் பெருகும் இரத்த ஓட்டம் மருந்தை அடித்துச் செல்கிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடும். என் கருத்தில் அது பாதி விளக்கம்தான். சீழிலிருந்து வெகுதூரத்தில், தாடை நரம்பின் அடியில் போட்ட ஊசிகூடச் சில வேளை தோற்கிறது. அழற்சிப் பொருள்கள் வலி நரம்புகளை எளிதில் தூண்டப்படும் நிலைக்குத் தள்ளிவிடுவது இதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே வீக்கம் வடிந்தபின் செல்லுங்கள். பெரும்பாலும் ஊசி பிடித்துவிடும். அப்போதும் இழுவையும் அழுத்தமும் தெரியும், ஏனெனில் தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த இழைகள் எளிதில் மரப்பதில்லை. சுருக்கென்று குத்தினால் மட்டும் கையை உயர்த்துங்கள். இதய நோயோ அதற்கான மாத்திரையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத்திலும் சோடியம் கால்வாய்கள் உண்டு, ஊசியில் அட்ரினலினும் கலந்திருக்கலாம். இதற்கிடையே வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானாலோ, மாத்திரை முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.