மிருதங்கத்தை மூடி வைக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை உங்கள் மகனைப் பற்றிக் கதைத்தபோது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "இவன் ஒன்றிலும் நிலையாக நிற்கிறானில்லை, மென்பொருள் வேலைக்குச் சரிவருவானா?" உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு எழுதிவிட்டு, பெறுபேறு வருமுன்னே பைத்தான் என்ற நிரல்மொழி பழகுகிறான். பின்னேரம் மிருதங்க வகுப்பு. ஞாயிறு விடிய கமராவோடு மண்டைதீவுப் பக்கம் பறவை பார்க்கப் போய்விடுகிறான். இரண்டையும் நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா.

பதினான்கு வருடம் கணினி நிரல் எழுதிய பிறகுதான் நான் பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டும் இந்த ஆலோசனை வேலைக்கு வந்தேன். ஒருமுறை ஒரு புடைவைக் கடைக்குக் கணக்கு மென்பொருள் செய்தோம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, ஆனாலும் மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு உதைத்தது. மூன்று நாள் நிரலைத் தோண்டினோம். தையல்காரியின் மகனான ஒரு பொடியன்தான் காரணத்தைப் பிடித்தான். மீற்றர் கணக்கில் வெட்டி விற்ற பிறகு மிஞ்சுகிற துண்டுத் துணியைக் கடையில் தனி விலைக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் நிரலில் அதற்கு இடமே இல்லை. இந்த வேலையில் பாதி, அடுத்தவர் எழுதியதை வாசிப்பதும் அடுத்தவர் தொழிலை விளங்கிக்கொள்வதும்தான். கணினியை மட்டுமே தெரிந்தவருக்கு அது கஷ்டம்.

வேறு துறை தெரிந்தவர்கள் கணினிப் பக்கம் செய்ததற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்ட இ. மயூரநாதன் நம் யாழ்ப்பாணத்தவர். தொழிலால் கட்டடக்கலைஞர். பேர்ள் என்ற நிரல்மொழியை 1987 இல் வெளியிட்ட லாரி வோல் மொழியியல் படித்தவர்.

ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தம்பி இணையத்தில் நான்கு பாடநெறி தொடங்கியிருக்கிறான், ஒன்றும் முடியவில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். ஒரு பாடத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசித்துக் காட்டாமல் மிருதங்க ஆசிரியர் அடுத்த பாடம் தருவாரா? அந்தப் பழக்கம் அவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது, நிரலுக்குத்தான் இன்னும் வரவில்லை. அதனால் புதுப் பாடநெறிக்குக் காசு கட்டாதீர்கள். அவன் எடுத்த பறவைப் படங்களைத் திகதிவாரியாகப் பிரித்து அடுக்கும் ஒரு சின்ன நிரலை எழுதச் சொல்லுங்கள். கமரா எடுத்த நேரத்தைப் படக்கோப்புக்குள்ளேயே பதிந்து வைக்கும், அதை வாசித்தால் போதும். எழுதியதைக் கூடப் படித்த ஒருவனிடம் கொடுத்துப் பாவிக்கச் சொல்லட்டும். அவன் சொல்கிற குறையைத் திருத்தும்போது இந்தத் தொழில் என்னவென்று விளங்கும்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி இடம் கொடுத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கணினி விஞ்ஞானம் படிக்கலாம், அல்லது கிளிநொச்சியில் உள்ள அதன் பொறியியல் பீடத்துக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். எந்த வழியானாலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரிய வேண்டும். தினமும் அரை மணித்தியாலம், இப்போதே தொடங்கட்டும்.

பெறுபேறு வந்த கிழமையே இரண்டு பேரும் வாருங்கள். வரும்போது மடிக்கணினியையும் கொண்டுவரச் சொல்லுங்கள், அந்த நிரலை ஓடவிட்டுப் பார்ப்போம். எனக்கு அந்தப் பறவைப் படங்களையும் பார்க்க ஆசை.