உடை தயார், ஆனா கால் நடுங்குது: காஸ்ப்ளே கேள்வி பதில்

காஸ்ப்ளே என்பது கதைப் பாத்திரம் ஒன்றைப் போல உடை செய்து போட்டுக்கொண்டு, காமிக் கான் மாதிரி ரசிகர் விழாக்களுக்கு வருவது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி துணி, ஃபோம் (கவசம் செய்யும் மெத்தென்ற தகடு), பசை பற்றியவை. மீதிப் பாதி பயம் பற்றியவை. நான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தோள்கவசம் எப்போது கழன்று விழுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு நிற்பவருக்கு என்ன தைரியம் சொன்னாலும் ஏறாது. அந்த வாரைச் சரிசெய்து கொடுத்தால் பாதி நடுக்கம் அங்கேயே அடங்கிவிடும். அதனால் கேள்விகளைக் கலந்தே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, இதுதான் முதல் தடவை. கையில் 2,000 ரூபாய் இருக்கு. உடம்பு முழுக்கக் கவசம் போட்ட வீரனா வரணும்னு ஆசை. முடியுமா? (கல்லூரி மாணவர், கோவை)

முழுக் கவசம் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும் தம்பி. அதே வீரன் கதையில் எங்காவது கவசம் கழற்றிய உடையில் வருவான், இல்லையென்றால் ஒரு தோள், ஒரு முன்கை மட்டும் மூடிய தோற்றம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். முன், பின், பக்கவாட்டு, செருப்பு என்று எல்லாக் கோணத்திலும் படம் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே 'வீட்டில் இருக்கு', 'மாற்றித் தைக்கலாம்', 'செய்யணும்' என்று எழுதுங்கள். 'செய்யணும்' வரிசையில் மூன்று பொருளுக்கு மேல் வந்தால் முதல் தடவைக்கு அது அதிகம்.

பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது தலைமுடி, தோள் அகலம், முக்கியமான ஒரு நிறம், இவைதான். பணத்தை அங்கே போடுங்கள். பெல்ட் பக்கிளில் உள்ள எழுத்தை உங்களைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

ஃபோம் எங்கே வெட்டணும், எப்படி வளைக்கணும்னே புரியல. வீடியோ பார்த்தா அவங்க கையில மட்டும் அழகா வருது. (பொறியியல் மாணவி, திருச்சி)

வீடியோவில் அவர்கள் வெட்டுவதற்கு முன்னால் செய்த வேலையைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். அதுதான் பாட்டர்ன், அதாவது எதை எந்த அளவில் வெட்டுவது என்று காட்டும் காகித மாதிரி. பழைய டீ-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் இருக்கும் க்ளிங் ஃபிலிமை அதன்மேல் சுற்றுங்கள். அதற்கு மேல் மாஸ்கிங் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். மூச்சு விட இடம் வேண்டும், இறுக்க வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று கவசத்தின் கோடுகளை டேப்பின் மேலேயே மார்க்கரால் வரையுங்கள். இரண்டு துண்டுகள் சேரப்போகும் கோட்டின் குறுக்கே சின்னச் சின்னக் கோடு போட்டு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். பிறகு வேறொருவர் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் முதுகுப்பக்கம் வெட்டி எடுக்கட்டும். அதைத் துண்டுதுண்டாகப் பிரித்துச் சார்ட் பேப்பரில் வரைந்தால் உங்கள் உடம்புக்கே ஆன அளவு கிடைத்துவிடும்.

ஃபோமுக்கு முன் அந்தச் சார்ட் பேப்பரையே டேப் போட்டு ஒட்டி மாட்டிப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து கீழே கிடப்பதை எடுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே காகிதத்தில் திருத்துவது ஒரு நிமிட வேலை. ஃபோமில் என்றால் ஒரு நாள் போய்விடும்.

மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ., முன்கைக்கும் தலைக்கவசத்துக்கும் 5 அல்லது 6 மி.மீ., மேல் அலங்காரத்துக்கு 2 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் போதும். கட்டர் பிளேடு மழுங்கினால் ஓரம் பிய்ந்துவிடும், அடிக்கடி முனையை உடைத்துப் புதிதாக்குங்கள். ஒட்டுவதற்கு ரப்பர் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரியானது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பிடிக்காது. காய்ந்தபின் சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது. நீங்கள் போட்ட எண்கள் அங்கேதான் கைகொடுக்கும். பசையோ, சூடான காற்றால் ஃபோமை இளக்கி வளைக்கும் ஹீட் கன்னோ, மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோம் ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோள் அணியும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு விடியவிடிய ஆடுகிறார்கள். கட்டை எனப்படும் அந்த அணிகளைச் செய்வது எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில். மேலே கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும். கனமாகத் தெரிய வேண்டும், கனமாக இருக்கக் கூடாது என்பதை அவர்கள் பல தலைமுறையாகச் செய்துகாட்டி வருகிறார்கள். காஸ்ப்ளே செய்யும் ஒவ்வொருவரும் ஒரு இரவாவது கூத்து பார்க்க வேண்டும், அதுவும் ஒப்பனை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து.

பெயின்ட் அடிச்ச கவசம் முழங்கையில வெடிச்சு வெடிச்சு உதிருது.

ஹீட் கன் சூட்டை மேலோட்டமாகக் காட்டி ஃபோமின் துளைகளை மூடினீர்களா? அந்தப் பளபளப்பு வந்தபின், வளையும் தன்மையுள்ள ப்ரைமரை (அடிப்பூச்சு) இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுத்து, அதற்கு மேல்தான் அக்ரிலிக். தடிமனான ஒரே பூச்சுதான் வெடிக்கும். அப்படியும் முழங்கை மாதிரி மடங்கும் இடத்தில் ஃபோமே வேண்டாம். கவசத்தை இரண்டு துண்டாக்கி, நடுவில் கறுப்பு எலாஸ்டிக் கொடுங்கள்.

எனக்குத் தைக்கத் தெரியாது. டெய்லர்கிட்ட படத்தைக் காட்டினா சிரிக்கிறார். (ஐ.டி. ஊழியர், சென்னை)

படத்தை மட்டும் காட்டினால் அவருக்கு அது சினிமா உடை. 'இது காலர் வைத்த நீளமான ஷெர்வானி, பக்கவாட்டில் இடுப்பு வரை ஸ்லிட், கை மட்டும் அகலம்' என்று அவருடைய மொழியில் சொல்லுங்கள். ஒரு பழைய வேட்டியில் மாதிரி ஒன்று தைத்துத் தரச் சொல்லி, அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். அந்தக் காசு வீணில்லை. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் போகாதீர்கள். துணிக்குப் பாரிமுனை கோடவுன் தெரு. பளபளக்கும் சாட்டினை எடுக்காதீர்கள், ஃபிளாஷில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும், வியர்வைக் கறையும் தெரியும். தடித்த காட்டனை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டுத் தைக்கக் கொடுங்கள்.

நான் நல்ல கறுப்பு. எனக்குப் பிடிச்ச கதாபாத்திரம் வெள்ளை. "உனக்குப் பொருந்தாது"ன்னு கூட இருக்கறவங்களே சொல்றாங்க. முகத்தை வெளுப்பாக்கிட்டுப் போகவா? (மதுரை)

வேண்டாம்மா. உங்கள் நிறத்திலேயே போங்கள். காஸ்ப்ளேயில் நாம் எடுத்துக்கொள்வது ஒரு பாத்திரத்தின் உடை, நடை, குணம். தோல் நிறம் அந்தப் பட்டியலில் கிடையாது. அடுத்தவர் இனத்து நிறத்தை நாம் பூசிக்கொள்ளவும் வேண்டாம், நம் நிறத்தை மறைக்கவும் வேண்டாம். பச்சை, நீலம் என்று கற்பனை உயிரினமாக வருவது வேறு விஷயம், அது ஒப்பனைக் கலை.

வேலையாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விக் நிறத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வெளிர்மஞ்சளிலேயே பல சாயல் இருக்கிறது. வேர்ப்பக்கம் கொஞ்சம் கருத்த விக், நம் நிறத்தில் முகத்தோடு நன்றாகச் சேரும். "பொருந்தாது" என்று சொன்னவர்களுக்கு நீங்கள் விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

உடை எல்லாம் ரெடி. ஆனா மேடை ஏறணும்னு நினைச்சாலே வயிறு கலங்குது. போன வருஷம் டிக்கெட் எடுத்துட்டு, வாசல் வரை போய்த் திரும்பிட்டேன். (சேலம்)

வாசல் வரை போனீர்கள் அல்லவா, அங்கிருந்தே தொடங்கலாம். மேடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் வீட்டில் முழு உடையோடு இரண்டு மணி நேரம் இருங்கள். சாப்பிடுங்கள், படி ஏறுங்கள், தண்ணீர் குடியுங்கள், கழிப்பறை போங்கள். எது கழல்கிறது, எது உறுத்துகிறது என்று அன்றே தெரிந்துவிடும். அடுத்தது, நண்பர்கள் இரண்டு மூன்று பேர் முன்னால். அதற்கடுத்து, விழாவுக்குப் போய் வெறுமனே நடந்துவிட்டு வருவது. போட்டிக்குப் பெயர் கொடுப்பது அதற்கும் பிறகுதான். ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால் அடுத்த முறை அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

போகும் நாளில் ஒரு சின்னப் பை: ஊசி நூல், சேஃப்டி பின், இரட்டைப் பக்க டேப், க்விக் ஃபிக்ஸ் பசை, விக் பின். எது பிய்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் ஒட்டலாம் என்று தெரிந்திருப்பது பெரிய பலம். கூட வரும் ஒருவருக்கு அந்தப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பொறுப்பாகக் கொடுங்கள்.

நெஞ்சு படபடக்கும்போது 'அமைதியாக இரு' என்று சொல்லிக்கொள்வது பெரிதாக உதவுவதில்லை. 2014இல் ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் படபடப்பு ஒன்றுதான், பெயரை மாற்றுவது சுலபம். மேடையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுதான் மிகக் கொடுமை என்பதால் நின்று காட்டும் மூன்று நிலைகளை (போஸ்) மட்டும் முடிவு செய்யுங்கள்: நுழைந்ததும் ஒன்று, நடுவில் ஒன்று, திரும்பும்போது ஒன்று. கண்ணாடியில் பார்க்காமலே, உடம்புக்குப் பழகும்வரை அவற்றைச் செய்து பாருங்கள்.

2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதல் முறையாகக் காமிக் கான் நடந்தது. இனி இதற்காகப் பெங்களூர் பஸ் பிடித்தே ஆக வேண்டும் என்றில்லை. சேலத்திலிருந்து ஒரு ரயில்தான். இந்த முறை வாசலைத் தாண்டி உள்ளே வாருங்கள்.

போட்டோ எடுக்கிறேன்னு தோள்ல கை போடறாங்க, விக்கை இழுக்கறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல.

"தொடாதீங்க, தள்ளி நின்னு எடுங்க." இந்த வாக்கியத்தை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், நேரத்துக்கு வாயில் வரும். நியூயார்க் காமிக் கானில் 2014லேயே, உடை போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று பெரிய பலகை வைத்தார்கள். யார் கேட்டாலும் படம் எடுக்க விடாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மீறினால் ஏற்பாட்டாளரிடம் உடனே சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

மேடம், என் மகளுக்கு 15 வயசு. கண்ணுக்குச் சிவப்பு லென்ஸ், நெஞ்சைச் சுற்றி இறுக்கக் கட்டு என்றெல்லாம் சொல்கிறாள். விடலாமா? (ஒரு தாய், புதுச்சேரி)

லென்ஸ் வேண்டுமென்றால் கண் மருத்துவரிடம் அளவெடுத்து, போடவும் கழற்றவும் கற்றுக்கொண்ட பிறகுதான். ஆன்லைனில் அளவில்லாமல் விற்பதை வாங்கவே வேண்டாம், கருவிழியில் புண் வந்தால் பார்வைக்கே ஆபத்து. தோழியோடு மாற்றிப் போடவும் கூடாது. ஆண் பாத்திரத்துக்காக நெஞ்சில் கிரேப் பேண்டேஜோ டேப்போ சுற்ற விடாதீர்கள். மூச்சு முட்டும், விலா எலும்பு பாதிக்கும். இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று, மேலே இரண்டு அடுக்குத் தளர்ந்த உடை, அது போதும்.

மற்றதற்கெல்லாம் விடுங்கள் அம்மா. முடிந்தால் கூடவே போங்கள். இந்த வயதில் ஒரு பெண் அளவெடுத்து, வெட்டி, தைத்து, கணக்குப் போட்டு ஒரு பொருளை முடிக்கிறாள். அவளுடைய பாட்டர்ன் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், அடுத்த உடைக்கு அதே அளவுதான் வேண்டும்.